செய்யாற்று மணலும் கடற்கரையும்

பெரணமல்லூரிலிருந்து கடல், நேர்கோட்டில் அளந்தால், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நெல்லும் மணிலாவும் பயிரிடும் உழவர்களும், பட்டுத் தறியில் அமரும் நெசவாளர்களும் நிறைந்த இவ்வட்டாரத்தில் கடற்கரை உருவாகும் விதத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று பஞ்சாயத்து உறுப்பினர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. அதற்கு விடை நமது ஆற்றிலேயே கிடக்கிறது.

சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, ஆரணி வழியே வரும் கமண்டல நாகநதியையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டு, திருமுக்கூடலை ஒட்டிய பகுதியில் பாலாற்றில் கலக்கிறது. பாலாறு சதுரங்கப்பட்டினத்திற்குத் தெற்கே, வயலூர்ப் பக்கத்தில் வங்கக் கடலை அடைகிறது. வெள்ளக் காலத்தில் இவ்வாறுகள் நீரை மட்டும் சுமந்து செல்வதில்லை. மலைப்பாறை வெயிலிலும் மழையிலும் பிளந்து, பொடிந்து, உருண்டு மணலாகி, ஒவ்வொரு வெள்ளத்திலும் சிறிது சிறிதாகக் கீழே நகர்கிறது. கடற்கரையில் நாம் காணும் மணலில் பெரும்பகுதி கடல் உண்டாக்கியது அன்று. ஆறுகள் கொண்டுவந்து கொடுத்தது.

கொடுத்த மணலைக் கடல் என்ன செய்கிறது? அலை, ஓதம், நீரோட்டம் ஆகிய மூன்றும் அதைக் கையாளுகின்றன. மூன்றின் வேலையும் ஒன்றல்ல.

முதலில் அலை. கதிர் முற்றிய நெல்வயலின்மீது காற்று வீசும்போது ஓர் அலை வயலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடுவதைக் காண்கிறோம். ஆனால் எந்தப் பயிரும் இடம் பெயர்வதில்லை. ஆழ்கடல் அலையும் அத்தகையதே. காற்றின் ஆற்றல்தான் நகர்கிறது. நீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழன்று எழுந்து தாழ்கிறது. கரையை நெருங்கி ஆழம் குறைந்தவுடன் அலையின் அடிப்பகுதி தரையில் உரசித் தயங்க, மேற்பகுதி முந்திக்கொண்டு உடைந்து விழுகிறது. அப்போதுதான் அதன் ஆற்றல் மணலின்மீது இறங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அலைகள் கரைக்கு நேர் எதிராக வருவது அரிது. சற்றே சாய்வாக வருகின்றன. சாய்வாக ஏறும் நீர் மணலையும் சாய்வாக மேலே தள்ளுகிறது. திரும்பும் நீரோ சரிவில் நேராக இறங்குகிறது. எனவே ஒவ்வோர் அலைக்கும் மணற்பரல் ஒன்று பக்கவாட்டில் ஒரு சாண், இரு சாண் நகர்ந்துவிடுகிறது. அலை உடையும் பகுதியில் கரையோரமாக ஒரு நீரோட்டமும் எழுந்து, கலங்கிய மணலை இழுத்துச் செல்கிறது. தறியில் நாடா இப்படியும் அப்படியும் ஓடும்போது துணி இழை இழையாக வளர்வதுபோல, அலையின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் மணல் கரையோரமாகப் பயணம் செய்கிறது.

எத்திசையில்? தமிழ்நாட்டின் சோழமண்டலக் கரையில், தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்திலும் அதற்கு முந்திய மாதங்களிலும் அலைகள் தெற்கு, தென்கிழக்குத் திசைகளிலிருந்து வந்து மணலை வடக்கே தள்ளுகின்றன. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றுடன் வடகிழக்கிலிருந்து வரும் அலைகள் அதைத் தெற்கே திருப்புகின்றன. வடக்கு நோக்கிய பயணம் நீண்ட காலம் நடைபெறுவதால், ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் மணல் வடக்கே செல்வதே மிகுதி. புயல் அலைகள் கரையை அரித்து மணலைக் கடலுக்குள் சற்றுத் தூரத்தில் திட்டாகக் குவிப்பதும், கோடையின் மெல்லலைகள் அதை மீண்டும் கரையேற்றுவதும் இதனுடன் சேர்ந்து நடக்கும். மார்கழியில் குறுகிக் கிடந்த கரை சித்திரையில் அகன்றிருப்பதற்கு இதுவே காரணம்.

ஓதம் சந்திரனாலும் சூரியனாலும் எழுவது. நம் கரையில் நாளொன்றுக்கு இருமுறை கடல் உயர்ந்து தாழ்கிறது. ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதன் வீச்சு பெரிது. எனினும் சென்னைக் கரையில் அவ்வீச்சு ஒரு மீட்டரை ஒட்டியதே; குஜராத்தின் பாவ்நகர்ப் பக்கத்தில் அது சுமார் 10 மீட்டர். ஓதம் பெரிதாக உள்ள இடங்களில் ஆற்றுமுகங்களைக் கடலே கழுவித் திறந்து வைக்கும். நமக்கு அந்த உதவி குறைவு. ஆகவேதான் பாலாறு, அடையாறு ஆகியவற்றின் முகங்கள் வறண்ட மாதங்களில் மணல் மேட்டால் அடைபட்டு, வெள்ளம் வந்தால் திறக்கின்றன. பழவேற்காட்டு மீனவர்களுக்கு ஏரியின் முகத்துவாரம் தூர்ந்துபோவது பழந்துயரம். புயலும் பௌர்ணமி ஓதமும் ஒரே நாளில் கூடினால், அலை வழக்கமாக எட்டாத மேட்டையும் எட்டிவிடும்.

பெருங்கடல் நீரோட்டத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. பருவத்திற்கேற்பத் திசை மாறும் அது நுண்ணிய வண்டலைத் தொலைவு கொண்டு செல்கிறது. கரையின் மணலைப் பொறுத்தமட்டில் வேலைக்காரன் அலையே.

கரையோரமாக மணல் ஓடும் இப்பாதையை ஒரு பாசன வாய்க்காலாக எண்ணிப் பார்ப்பது உழவர் பெருமக்களுக்கு எளிது. தலைமடைக்காரர் குறுக்கே மண் அணை போட்டால் அவர் வயல் நிரம்பும், கடைமடை காயும். சென்னையில் நடந்தது இதுவே. 1876-இல் துறைமுகச் சுவர்கள் கட்டத் தொடங்கினர். 1881-இல் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். வடக்கே சென்றுகொண்டிருந்த மணல் தென்புறத்தில் தடைபட்டுக் குவிந்தது. ஒருகாலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் அருகே இருந்த கடல் விலகிச் சென்றது. மெரினாவின் அகன்ற மணல்வெளி இவ்வாறு வளர்ந்தது. கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயிலும் மணலால் தொல்லைப்பட்டதால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாயிலை வடகிழக்குப் பக்கம் மாற்றினர். வடக்கே கடைமடையில் இருந்தவை இராயபுரமும் திருவொற்றியூரும். அங்கே மணல் வரவு நின்றது. அலையின் எடுப்பு நிற்கவில்லை. கரையும் குப்பங்களும் சாலையும் அரிக்கப்பட்டன. கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்பிச் சாலையைக் காத்தனர். ஆனால் மீனவர் படகேற்றவும் வலையுலர்த்தவும் இருந்த மணல் திரும்பவில்லை. மெரினாவில் மாலைக்காற்று வாங்குவோர் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

புதுச்சேரியிலும் 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்திற்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டியபின், வடக்கே நகரின் மணற்கரை மறைந்து கற்குவியல் மட்டுமே எஞ்சியது. 2018-இல் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி, நீருக்கடியில் எஃகாலான தடுப்பு ஒன்று அமைக்கப்பட்டது. அலையின் வேகம் தணிந்து, காந்தி சிலைப் பக்கம் மணல் ஓரளவு திரும்பியது. கற்சுவர் மணலைத் தராது என்பதும், மணலின் போக்கை அறிந்து செய்யும் வேலை பலன் தரும் என்பதும் இதனால் விளங்கின.

வாய்க்காலின் குறுக்கே தடை போடுவது ஒரு வகைக் கேடு. தலை மதகிலேயே வரவு குறைவது மற்றொரு வகை. இவ்விடத்தில்தான் நமது வட்டாரம் வருகிறது. பாலாற்று முகத்திலிருந்து வடக்கே செல்லும் மணலின் வழியில் சதுரங்கப்பட்டினமும், கல்பாக்கமும், மாமல்லபுரமும் உள்ளன. கடற்கரைக் கோயிலின் முன்னே அலை வந்து மோதும் மணலில் சவ்வாது மலையின் பங்கும் உண்டு. அக்கோயிலைக் காக்கக் கல் கொட்டிக் கரை கட்ட நேர்ந்ததையும் நாம் அறிவோம்.

அணைகள் மணலைத் தடுக்கின்றன என்பது உண்மையே. செய்யாற்றின் மேலே குப்பநத்தம் அணையும், கமண்டல நதியில் செண்பகத்தோப்பு அணையும் உள்ளன. பாசனத்திற்கு அவை இன்றியமையாதவை; அவற்றைக் குறை கூறுவது பொருந்தாது. ஆனால் அணைக்குக் கீழே படுகையில் எஞ்சியுள்ள மணலையும் வண்டி வண்டியாக எடுத்துவிட்டால், அடுத்த வெள்ளத்திற்குச் சுமக்க ஒன்றுமிராது. 2003-இல் ஆற்றுமணல் எடுப்பை மாநில அரசு தன் பொறுப்பில் ஏற்றது. ஆயினும் இரவில் திருட்டாக எடுப்பது ஓய்ந்தபாடில்லை.

இதன் இழப்பு கடலோரத்தவருக்கு மட்டுமன்று. மணற்படுகை ஆற்று நீரை உறிஞ்சி வைத்துக் கரையோரக் கிணறுகளுக்கு மெல்ல ஊட்டுகிறது. படுகை தாழ்ந்தால் ஊற்று தாழும். ஏற்றுக்கால்வாய்களின் தலைப்பு மேட்டில் நின்றுவிடும். பாலக் கால்களின் அடி வெளிப்படும். முகத்துவாரப் பகுதியிலோ ஆற்றின் நன்னீர் குறைந்த இடத்தில் உவர்நீர் நிலத்தடியில் உள்ளேறும். வயலூர்ப் பக்கம் பாலாற்றில் தடுப்பணை கட்டியது இதைத் தடுக்கும் நோக்கத்துடனேயே.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை சில. தங்கள் எல்லையில் படுகையின் மட்டத்தை, பாலத்தூண் அல்லது கிணற்றுக் கட்டில் ஒரு குறியிட்டு, ஆண்டுதோறும் பங்குனியில் அளந்து கிராம சபையில் பதிவு செய்யலாம். மணல் போயிற்று என்று வாய்ச்சொல்லாகக் கூறும் மனுவைவிட, ஐந்தாண்டு அளவுகளுடன் கூடிய மனுவுக்கு வருவாய்த் துறையிலும் நீர்வளத் துறையிலும் மதிப்பு அதிகம். பஞ்சாயத்துக் கட்டடங்களுக்கு, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டைத் தரம் பார்த்துப் பயன்படுத்தலாம். அணைக்கட்டுகளில் மணற்போக்கி மதகு இருந்தும் துருவேறிக் கிடந்தால், அதைப் பழுதுபார்த்து முதல் வெள்ளத்தில் திறக்கும்படி பொறியாளர்களைக் கேட்கலாம். ஐப்பசி மழைக்கு முன்பே இவ்விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. வெள்ளம் வந்தபின் மதகருகே எவரும் இறங்க இயலாது.