மணல்மேட்டு அந்திமலர்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் வாக்கின் ஆற்றின் தென்கரையில் அமைந்தவை ஆன்டியாக் மணல்மேடுகள். ஈனோதீரா டெல்டாய்டெஸ் சிற்றினத்தின் ஒரு பிரிவான ஆன்டியாக் அந்திப் பிரிம்ரோஸ் செடிக்கு இவையே இயற்கை வாழிடம். இதன் வெண்மலர்கள் கதிரவன் சாயும் வேளையில் விரிந்து, வாடும்போது இளஞ்சிவப்பாகின்றன. இரவில் தேன் நாடும் பருந்து அந்துப்பூச்சிகளுக்கு இருளிலும் அவ்வெண்மை புலப்படுகிறது.

காற்றில் இடம்பெயரும் தளர்மணலிலேயே இதன் விதைகள் நன்கு முளைக்கின்றன. களைகள் படர்ந்து மணல் அசைவற்றுப்போனால் புதிய நாற்றுகள் அரிதாகின்றன. செங்கல் தொழில் முதலியவற்றுக்காகப் பல்லாண்டுகள் மணல் அகழப்பட்டதால் மேடுகள் குறைந்தன. எஞ்சிய மணலை அயல்நாட்டுக் களைகள் மூடின.

1978இல் இச்செடி அழியும் நிலையிலுள்ள தாவரமாக அறிவிக்கப்பட்டது. 1980இல் இம்மேடுகள் தேசிய வனவுயிர்ப் புகலிடமாயின. லாங்கே வண்ணத்துப்பூச்சியின் இயற்கை வாழிடமும் இம்மேடுகள் மட்டுமே. அருகிவரும் தாவரங்களையும் பூச்சியையும் காப்பதற்கென அந்நாட்டில் உருவான முதற் புகலிடம் இதுவே. ஆற்றில் தூர்வாரிய மணல் இங்குக் கொண்டுவந்து பரப்பப்படுகிறது, களைகளும் அகற்றப்படுகின்றன. ஓர் உயிரினத்தைக் காக்க, அது வேரூன்றும் மணலையும் மீட்க வேண்டும் என்பதை இம்முயற்சி உணர்த்துகிறது.