மளிகைச் சாமானில் விதை எடுக்கலாமா?

சமையலுக்கு வாங்கிய கொத்தமல்லியில் ஒரு பிடி எடுத்துக் கொல்லையில் தூவி, பத்து நாள் தண்ணீர் தெளித்தும் ஒன்றும் தலைகாட்டவில்லை என்று அலுத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. விதை பழசாக இருக்கலாம். அப்படியே தூவியதும் காரணமாக இருக்கலாம்.

கொத்தமல்லியின் ஒவ்வொரு மணியும் இரண்டு விதைகள் ஒட்டிய ஒரு காய். தரையில் பரப்பி, மரக்கட்டையால் லேசாகத் தேய்த்தால் இரண்டாகப் பிளக்கும். நொறுங்கிவிடக் கூடாது. பிளந்ததை 12 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் 8 முதல் 15 நாளில் முளைக்கும். சுமார் 40 நாளில் தழை பறிக்கலாம். கோடையில் விதைத்தால் தழை பெருகும் முன்பே பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையே ஏற்ற காலம்.

வெந்தயத்துக்கு இந்தச் சிரமமில்லை. இரவு ஊறவைத்து மறுநாள் விதைத்தால் நான்கைந்து நாளில் முளைத்துவிடும். தட்டைப்பயறு, மொச்சை, பச்சைப்பயறு ஆகியவை முழுசாக இருக்க வேண்டும். வண்டு துளைத்த மணிகளைக் கழித்துவிட வேண்டும். உடைத்த பருப்பு முளைக்காது. சின்ன வெங்காயத்தைக் காயாகவே ஊன்றலாம். சீரகம் முளைத்தாலும் பயனில்லை. அது குஜராத், ராஜஸ்தான் பகுதிகளின் குளிர்காலப் பயிர். வற்றல் மிளகாய் விதை முளைத்தாலும் தாய்ச்செடியைப் போலவே காய்க்கும் என்று சொல்வதற்கில்லை. வீரிய ஒட்டு இரகமாக இருந்தால் குணம் பிரிந்துவிடும்.

எந்த விதையானாலும் முதலில் சோதித்துப் பார்ப்பது நலம். 100 விதைகளை எண்ணி, ஈரச்சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 70, 80 முளைத்தால் தயங்காமல் விதைக்கலாம். பாதிதான் முளைக்கிறது என்றால் விதையை இரட்டிப்பாக்கலாம். அதற்கும் குறைந்தால் குழம்புக்குத்தான்.

இது கொல்லைக்கு மட்டும் பொருந்தும் யோசனை. மலிவாகக் கிடைக்கிறதென்று அரை ஏக்கர் மானாவாரிக்கு மளிகை மல்லியை விதைத்தால் பல இரகங்கள் கலந்து, பூப்பும் அறுவடையும் ஒன்றாக வராது. முளைப்புத் தவறினால் அந்தப் பட்டமே போய்விடும். வயலுக்குச் சான்று பெற்ற விதையே வாங்க வேண்டும்.

அப்படி வாங்கி மிஞ்சிய விதையைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. சாயம் ஏற்றிய விதையில் பூசணக்கொல்லி கலந்திருக்கும்; கழுவினாலும் உண்ணத் தகாது, கோழிக்கும் போடலாகாது.