நாணயத்தில் அரசர்

திம்பம் மலைப்பாதை ஏறி மைசூரை நோக்கிச் செல்லும் நம்மவர்க்குச் சாமராஜநகர் தெரிந்த ஊரே. அரிகுட்டாரம் என்பது அதன் பழம்பெயர். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், தம் தந்தையார் சாமராஜ உடையார் பிறந்த ஊராதலின், 1818-இல் அதற்கு அவர் பெயரைச் சூட்டினார். அரசரின் நினைவை நிலைநிறுத்த இது ஒரு வழி. ஆயினும் ஊர் இருந்த இடத்திலேயே இருக்கும். நாணயமோ அரசர் போகாத சந்தைக்கும் போய்ச் சேரும்.

இதனை நன்குணர்ந்தவர் உரோமானியர். பேரரசரின் தலையையும் பட்டங்களையும் பொறித்த அவர்களுடைய பொற்காசுகள் நம் நாட்டிற்கும் ஏராளமாக வந்தன. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின்மீது உளியால் வெட்டியிருக்கிறார்கள். இங்கே வேண்டப்பட்டது பொன்னே; முகம் அன்று.

மைசூர் மன்னருள் முதன்முதல் நாணயம் அடித்தவர் பதினேழாம் நூற்றாண்டில் ஆண்ட கண்டீரவ நரசராஜ உடையார். அவருடைய சிறிய பொற்பணத்தில் நரசிம்மர் வீற்றிருந்தார். பின்னர் ஆட்சியைக் கைப்பற்றிய ஹைதர் அலி, தம் வராகனில் சிவபெருமானையும் பார்வதியையும் அப்படியே இருக்கவிட்டு, மறுபுறத்தில் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் பொறித்தார். மக்கள் பழகி நம்பிய காசை மாற்றினால் வாணிகம் தடுமாறும் என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும். இந்த அடக்கம் பெரிய அரசியல் என்றே நான் கருதுகிறேன்.

திப்பு சுல்தானின் போக்கு வேறு. டெல்லி முகலாயப் பேரரசரின் பெயரைப் பொறித்தே பலரும் காசு அடித்த காலத்தில், அவர் அப்பெயரை அடியோடு விலக்கினார். ‘யாருக்கும் அடங்கியவன் அல்லன்’ என்பதே அதன் பொருள். ஆண்டுக் கணக்கையும் புதிதாக வகுத்து, இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். எழுத்தறியாதவர்க்குச் செப்புக்காசில் யானை இருந்தது.

1799-இல் திப்பு போரில் வீழ்ந்தபின், ஆங்கிலேயக் கும்பினியார் ஐந்து வயதுச் சிறுவராகிய கிருஷ்ணராஜரை அரியணையில் அமர்த்தினர். யானை மறையவில்லை, அதன்மேல் சூரியனும் சந்திரனும் சேர்ந்தன. வராகனில் சிவபார்வதியர் மீண்டனர். 1831-இல் கும்பினியார் அவரிடமிருந்து நிருவாகத்தைப் பறித்துக்கொண்டனர். அதன்பின் வந்த செப்புக்காசுகளில் சிங்கமும், கன்னடம், பாரசீகம், ஆங்கிலம் ஆகிய மும்மொழி எழுத்துகளும் காணப்படுகின்றன. கன்னட எழுத்தில் அவர் பெயரும் இருக்கிறது. 1843-இல் அக்கசாலை மூடப்படும்வரை, அதிகாரமற்ற அம்மன்னரைச் சந்தைதோறும் அரசராக்கி வந்தவை அச்செப்புக்காசுகளே.