சேர்ந்துவிட்ட சைக்கிள்கள் யாரிடம் போக வேண்டும்?

2015 மே 19ஆம் தேதி, ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் உள்ள டொரோதியம் ஏல நிறுவனத்தில் 203 சைக்கிள்கள் ஏலத்துக்கு வந்தன. பந்தய வண்டிகள், மடக்கு வண்டிகள், இருவர் சேர்ந்து மிதிக்கும் வண்டிகள் என்று அத்தனையும் மிகேல் எம்பாகர் என்ற ஒரே மனிதர் சேர்த்தவை. அவர் ஒரு கட்டடக் கலைஞர். தம் சேகரிப்பைப் படங்களோடு 2011இல் புத்தகமாகவே கொண்டுவந்தவர். 2013இல் வியன்னாவின் மாக் அருங்காட்சியகம் அந்த வண்டிகளை வைத்துக் கண்காட்சி நடத்தியது. இரண்டே ஆண்டுகளில் எல்லாவற்றையும் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். புத்தகம் இருந்ததால் பல வண்டிகளின் வரலாறு முன்பே பதிவாகியிருந்தது. வாங்கியவர்களுக்குத் தாங்கள் எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருந்தது.

கொடைக்கானல் மலையடிவாரத்தில், மஞ்சளாறு அணைக்குப் பக்கத்தில் இருக்கும் தேவதானப்பட்டியில் ஏலக்கூடம் கிடையாது. ஆனால் சைக்கிள்கள் சேர்வது இங்கும் நடக்கிறது. யாரும் திட்டமிடாமலே நடக்கிறது. தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கியது. 2005-06இல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவ மாணவியர் எல்லாருக்கும் விரிந்தது. மூன்று பிள்ளைகள் மேல்நிலை வகுப்புக்குப் போன வீட்டில் மூன்று வண்டிகள். அவற்றோடு தாத்தா ஓட்டிய பார் வண்டி, அப்பா தோப்பு வேலைக்குப் போய்வந்த வண்டி, சின்னவனுக்கு வாங்கிக் கொடுத்த குட்டி சைக்கிள். வீட்டுக்கு ஒரு மோட்டார் பைக் வந்த பிறகு இவையெல்லாம் மாட்டுக்கொட்டத்துச் சுவரில் சாய்ந்து நிற்கத் தொடங்குகின்றன.

நின்ற சைக்கிள் அப்படியே இருப்பதில்லை. காற்று இறங்கிய டயர், வண்டியின் பாரத்தில் மடிந்து அந்த மடிப்பிலேயே வெடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் செயின் துருப்பிடித்து இறுகுகிறது. ரிம்மின் முலாம் உரிகிறது. போக்ஸ் கம்பிகள் ரிம்மில் சேரும் இடத்தில் துரு உட்கார்ந்துவிட்டால் கோட்டம் எடுக்கக்கூட முடியாது. சில மழைக்காலம் போனால், ஓவராயில் செய்தால் ஓடக்கூடிய வண்டி எடைக்குப் போடும் இரும்பாகிவிடுகிறது. அதனால் ஐந்து வண்டி வைத்திருப்பவரும் ஐம்பது வண்டி வைத்திருப்பவரும் முடிவெடுக்க வேண்டிய நேரம், அவை ஓடும் நிலையில் இருக்கும்போதுதான்.

நம் ஊர்களில் வண்டிகளைத் தரம் பார்த்துக் கைமாற்றும் வேலையை முதலில் செய்தவர்கள் வாடகை சைக்கிள் கடைக்காரர்கள். மட்கார்டில் எண் எழுதிய வண்டிகளை வரிசையாக நிறுத்தி, மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கடைகள் அவை. ராசி அழகப்பனின் சிறுகதையைத் தழுவி கமலக்கண்ணன் இயக்கி, 2024இல் வெளியான ‘குரங்கு பெடல்’ படத்தில் அந்தக் காலத்தைப் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு சொந்த சைக்கிளும் மொபெட்டும் வந்ததும் வாடகைத் தொழில் படுத்தது. கடைக்காரர்கள் ஓடுகிற வண்டிகளை விற்றார்கள். ஓடாதவற்றைப் பிரித்து ஃபிரீவீல், பெடல், ஹேண்டில்பார் என்று மற்ற வண்டிகளுக்குப் போட்டார்கள். பல கடைகள் பஞ்சர் கடையாக மாறிப் பிழைத்தன. எதை விற்பது, எதைப் பிரிப்பது என்று அவர்கள் கண்பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள். இன்றும் வண்டிகளைக் குறைக்க நினைப்பவர் முதலில் அவற்றைக் காட்ட வேண்டியது ஊரில் உள்ள பழைய மெக்கானிக்கிடம்தான்.

பெரிய சேகரிப்புகள் வெவ்வேறு வழிகளில் கைமாறியிருக்கின்றன. அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் 1895இல் சிகாகோவில் தொடங்கியது. ஷ்வின் குடும்பம் சேர்த்துவைத்த சைக்கிள்களின் பெரும்பகுதியை 1997இல் ஒஹையோ மாநிலத்துத் தொழிலதிபர் ஜிம் டிக்கி வாங்கி, நியூ பிரெமன் என்ற சிற்றூரில் அருங்காட்சியகமாக வைத்தார். நடிகர் ராபின் வில்லியம்ஸ் தீவிரமான சைக்கிள் பிரியர். அவர் 2014இல் மறைந்த பிறகு, 2016இல் அவருடைய சைக்கிள்களில் 87ஐப் பிள்ளைகள் ஏலம் விட்டார்கள். கிடைத்த பணம் உடல் ஊனமுற்ற விளையாட்டு வீரர்களுக்கும் தண்டுவடப் பாதிப்புள்ளவர்களுக்கும் உதவும் இரண்டு அறக்கட்டளைகளுக்குப் போனது. புனேயில் விக்ரம் பேண்ட்சே தாம் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட பழைய சைக்கிள்களை 2017இல் அருங்காட்சியகமாக்கிப் பொதுமக்களுக்குத் திறந்தார். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்களுக்காகத் தயாரான பி.எஸ்.ஏ. மடக்கு சைக்கிளும் அங்கே இருக்கிறது.

அருங்காட்சியகத்துக்கு எல்லா வண்டியும் போக முடியாது, போகவும் வேண்டாம். அதனால் முதல் வேலை தரம் பிரிப்பது. பழமை மதிப்புள்ளவை, ஓடக்கூடியவை, உதிரிக்கு மட்டும் ஆகக்கூடியவை என்று மூன்று வரிசை போதும்.

முதல் வரிசைக்குக் கவனம் தேவை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கப்பட்டது. முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. எனவே ‘ஹெர்குலிஸ்’ என்று பெயர் இருந்தால் மட்டும் அது பர்மிங்ஹாம் வண்டி ஆகிவிடாது. அம்பத்தூர் வண்டியாகவும் இருக்கலாம். ராலேயும் அப்படித்தான். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்ததும் உண்டு, மேற்கு வங்கத்து அசன்சோலில் சென்-ராலே ஆலையில் செய்ததும் உண்டு. ஹேண்டில்பாருக்குக் கீழே முன்பக்கம் பதித்த தகட்டைத் துடைத்துப் பார்த்தால் விவரம் கிடைக்கும். மூன்று கியர் வைத்த பழைய ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப் பின்சக்கரத்தில் இருந்தால், அதன் மேலேயே தயாரான ஆண்டு பொறித்திருப்பது வழக்கம். பின்சக்கரத்தை மாற்றியிராத வண்டி என்றால் அதன் வயதையும் அதிலிருந்து ஓரளவு கணிக்கலாம்.

இங்கே பலரும் செய்கிற ஒரு காரியம் மதிப்பைக் கெடுக்கிறது. விற்பதற்கு முன் வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் தேடுவது ஆலையில் அடித்த பெயின்டையும் அதன் மேல் இருக்கும் தங்கக் கோடுகளையும்தான். புதுப் பெயின்டுக்கு அடியில் போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் செயினையும் அச்சையும் துடைத்து எண்ணெய் விட்டால் போதும். தோல் சீட், டைனமோ, லூகாஸ் விளக்கு, காற்றடிக்கும் பம்ப் ஆகியவற்றைத் தனித்தனியே விற்கவும் கூடாது. அந்த வண்டியோடு வந்தவை அதோடு போனால்தான் அது முழு வண்டி.

காகிதங்களுக்கும் அதே மரியாதை வேண்டும். சைக்கிளுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்த காலத்தில் ஊராட்சியும் நகராட்சியும் ஆண்டு பொறித்த பில்லைகளைக் கொடுத்தன. பல வீடுகளில் அந்தப் பில்லைகள் பீரோ டிராயரில் கிடக்கும். கடை ரசீது, பில்லை, தாத்தா வண்டியோடு நிற்கும் புகைப்படத்தின் நகல் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு வண்டியோடு கொடுத்துவிட வேண்டும். எம்பாகரின் புத்தகம் செய்த வேலையை இந்த உறை செய்யும்.

இரண்டாவது வரிசையில்தான் பெரும்பாலான வண்டிகள் நிற்கும். இவற்றுக்கு நம் நாட்டில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. பார் வண்டிகளுக்கான 28 × 1½ டயர், பிரேக் கட்டை, பெடல், பால்ஸ் எல்லாம் இன்றும் சாதாரண சைக்கிள் கடையில் கிடைக்கின்றன. அட்லஸ் நிறுவனம் தன் சாகிபாபாத் ஆலையை 2020இல், அதுவும் உலக சைக்கிள் தினமான ஜூன் 3 அன்று நிறுத்தியது. அந்த வண்டிகளுக்கும் வேறு நிறுவனங்களின் உதிரிகள் பொருந்துவதால் அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பால்கேன் மாட்டவும் புல்லுக்கட்டு ஏற்றவும் கேரியர் வைத்த பார் வண்டிக்கு ஈடில்லை. தோப்புக் காவலுக்கும் தண்ணீர் பாய்ச்சவும் போகிறவர்களுக்கு அது இன்றும் தேவைப்படுகிறது. கியர் வண்டி இருந்தால் காட்ரோட்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் மிதித்து ஏற ஆசைப்படும் இளைஞர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது வரிசையைப் பழைய இரும்புக் கடைக்கு முழுதாகத் தூக்கிக் கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. பிரேம் உடைந்த வண்டியின் ஃபிரீவீல் நன்றாக இருக்கும்; ரிம் போன வண்டியின் கிராங்க் நன்றாக இருக்கும். இரண்டு செத்த வண்டிகளிலிருந்து ஒரு ஓடும் வண்டியை அவர் எடுத்துவிடுவார்.

விற்றாலும் கொடுத்தாலும் ஒரு சீட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பெடல் அச்சு போகும் கூட்டின் அடியிலோ சீட்டுக் குழாயின் பக்கத்திலோ பிரேம் எண் பொறித்திருக்கும். அந்த எண், தேதி, இருவர் கையெழுத்து இருந்தால் பின்னால் திருட்டு வண்டி என்ற சந்தேகம் வாங்கியவருக்கு வராது.

இலவசமாகக் கொடுக்க நினைப்பவர்கள் அரசுத் திட்டம் எங்கே தொடங்குகிறது என்பதை யோசிக்கலாம். அது பதினோராம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஆறாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கும் பிள்ளை பக்கத்துச் சிற்றூரிலிருந்து நடந்து வரலாம், இல்லை பஸ்ஸுக்குக் காத்து நிற்கலாம். அக்காவும் அண்ணனும் பள்ளி முடித்துப் போன வீட்டில் நிற்கும் வண்டி அந்த ஐந்து வருடத்துக்குத்தான் தேவை. எந்தப் பிள்ளைக்குத் தேவை என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். மே மாத விடுமுறையில் டயர், டியூப் மாற்றி, பிரேக் சரிசெய்து, சீட்டை அந்தப் பிள்ளையின் உயரத்துக்கு இறக்கி வைத்தால், ஜூனில் பள்ளி திறக்கும்போது வண்டி தயாராக இருக்கும்.