கார் வாரண்டி: கையெழுத்துப் போடும் முன் உஷார்!

பொன்னேரி,–

பழவேற்காட்டு இறால் வியாபாரி ஒருவர் புதுக்கார் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு. ஷோரூமில் பில் போடும் நேரம். "அண்ணே, கூட ரெண்டு வருஷம் வாரண்டி இருக்கு. இப்பவே போட்டுடலாமா?" என்பார்கள். சில ஆயிரம் ரூபாய் ஏறும்.

போடலாமா? வேண்டாமா?

அவசரம் எதற்கு?

அன்றைக்கே போடக் கட்டாயம் இல்லை. முதல் வாரண்டி முடிவதற்குள் பெரும்பாலும் எப்போதும் வாங்கலாம். தள்ளிப் போட்டால் விலை கூடலாம், அவ்வளவுதான்.

மாருதி கம்பெனி 2024 ஜூலையில் முதல் வாரண்டியை 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தியது. எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. தினம் 110 கிலோமீட்டர், வருஷம் 300 நாள் ஓடினால் 3 வருஷத்தில் 99 ஆயிரம் ஆகிவிடும். வீட்டோடு நிற்கும் காருக்கு அந்தக் கவலை இல்லை.

உப்புக் காற்று

இங்கேதான் சிக்கல்! என்ஜின், கியர் பாக்ஸ், ஏ.சி., எலக்ட்ரிக் பாகங்கள் தானாகக் கெட்டால் வாரண்டி உதவும். தேயும் கிளட்ச் பிளேட், பிரேக், டயருக்குக் கிடையாது. உப்புக் காற்றில் பிடிக்கும் துருவுக்கும் பெரும்பாலும் கிடையாது. ஏரிக்கரைக்காரருக்கு அதுதானே பெரிய செலவு! வாரத்துக்கு ஒரு தரம் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவினால் துரு குறையும்.

2023 டிசம்பர் மிச்சாங் புயலில் கார்கள் மூழ்கியதை மறந்திருக்க முடியாது. என்ஜினில் தண்ணீர் போனால் வாரண்டி கை கொடுக்காது. அதற்கு இன்சூரன்ஸ்தான். அதிலும் என்ஜினுக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

யார் பொறுப்பு?

பத்திரம் கொடுப்பது கார் கம்பெனியா, கடைக்காரரா, வெளி ஆளா? கேளுங்கள். போர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, கார் வைத்திருந்தவர்கள் கேட்ட முதல் கேள்வியே சர்வீஸ் பற்றித்தான். சர்வீசும் வாரண்டியும் தொடரும் என்று கம்பெனி சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

யாருக்கு லாபம்?

ஆட்டோமேட்டிக் கியர், நிறைய எலக்ட்ரானிக் சாமான் உள்ள காரை ஆறேழு வருஷம் வைத்திருப்பவர் வாங்கலாம். மூணு வருஷத்தில் விற்பவருக்கு வீண் செலவு. தெரிந்த மெக்கானிக்கிடம் விடுகிறவர் இன்னும் யோசிக்க வேண்டும். கம்பெனி ஒர்க்ஷாப்பில் தவணை தவறாமல் சர்வீஸ் செய்த பில் இல்லாவிட்டால் பத்திரம் வெறும் காகிதம்! வாடகைக்கு ஓடும் வண்டிக்கு விதிமுறை வேறு.

ஏமாற்றினால் 1915-க்குப் போன் போடலாம். 2 வருஷத்துக்குள் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம்.

விற்பவர் வாய்ப்பேச்சை வழக்கில் நிரூபிப்பது கஷ்டம். "எதெல்லாம் கிடையாது" என்ற பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். பேனா அதற்கு அப்புறம்!