இடைவேளை முடிந்த முதல் ஐந்து நிமிடம்

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் தாய்மொழிப் பாடவேளை வந்ததும் வகுப்பு கலையும். தமிழ் படிக்கும் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கு நடப்பார்கள். அங்கே இரண்டு மூன்று வகுப்புகளிலிருந்து வந்தவர்கள் ஒன்றுசேர்வார்கள். ஒருவன் இடைவேளையில் பந்தாட்டத்தில் தோற்ற ஆத்திரத்தில் வருவான். ஒருத்தி கணக்குத் தாளைப் பைக்குள் மடித்து ஒளித்து வைத்திருப்பாள். இன்னொருவனுக்கு எந்தக் காரணமும் வேண்டாம், சும்மாவே குதிப்பான். இவர்கள் அத்தனை பேரையும் ஐந்து நிமிடத்துக்குள் பாடத்துக்குள் இழுக்க வேண்டியது தமிழாசிரியரின் பாடு.

"அமைதியா இருங்க" என்று மூன்று முறை குரல் உயர்த்தினால் வகுப்பு அடங்கும். பிள்ளை அடங்குமா என்பது வேறு விஷயம். கோபமோ பயமோ தலைக்கேறும்போது இதயத் துடிப்பு கூடுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் மூளைப் பகுதி முந்திக்கொள்ள, யோசித்து நிதானிக்கும் முன்மூளை பின்தங்கிவிடுகிறது. அந்த முன்மூளை முழுதாக வளர்ந்து முடிய இருபது வயதைத் தாண்டவேண்டும். அதற்குள் எட்டு வயதுப் பிள்ளையிடம் போய் நிதானத்தை எதிர்பார்த்தால் எப்படி? அதனால்தான் உடலைத் தணிக்கும் வழிகளை எழுத்து, எண் போலவே கற்றுத்தர வேண்டும் என்ற எண்ணம் பள்ளிகளுக்குள் வந்திருக்கிறது.

வகுப்பறையில் எளிதில் பிடிபடுவது ஐவிரல் மூச்சு. இடக்கையை விரித்து வைத்து, வலக்கை ஆள்காட்டி விரலால் கட்டைவிரலின் ஓரத்தில் மேலே ஏறும்போது மூச்சை இழுக்க வேண்டும், மறுபக்கம் இறங்கும்போது விட வேண்டும். ஐந்து விரலும் முடிய ஏறத்தாழ முக்கால் நிமிடம் ஆகும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கவேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. விரல் ஊர்வதைக் கண் பார்க்கிறது, தோல் உணர்கிறது. வேறு எதையும் நினைக்க மனத்துக்கு இடம் குறைகிறது.

எல்லாப் பிள்ளைக்கும் மூச்சு ஒத்துவராது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும், ஏற்கெனவே மூச்சு முட்டுவதாகப் பதறும் பிள்ளைக்கும் மூச்சையே கவனி என்றால் பதற்றம் கூடலாம். அவர்களுக்குச் சுவரை இரு கையாலும் தள்ளுவது, பாதத்தைத் தரையில் அழுத்துவது, கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்வது போன்றவை பொருந்தும். நல்ல ஆசிரியர் இரண்டு மூன்று வழிகளை முன்வைத்து, எது வேண்டும் என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுவார்.

மற்றொன்று, உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது. அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் லியா கைப்பர்ஸ் 2011-இல் வெளியிட்ட முறையில் நான்கு நிறங்கள் உண்டு. சோர்வுக்கு நீலம், நிதானத்துக்குப் பச்சை, தவிப்புக்கு மஞ்சள், கட்டுமீறிய நிலைக்குச் சிவப்பு. 'நான் மஞ்சளில் இருக்கிறேன்' என்று சொல்வது, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்பதைவிட ஏழு வயதுக்காரனுக்கு எளிது. உணர்ச்சியைச் சொல்லில் வைக்கும்போது மூளையின் எச்சரிக்கைப் பகுதி சற்று அடங்குவதை 2007-இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளைப் படங்களில் கண்டார்கள்.

இதில் தமிழாசிரியருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. தொடக்கப்பள்ளியில் குணநலன், குடியியல் பாடத்தின் ஒரு பகுதி தாய்மொழியில்தான் நடக்கிறது. 2021-இல் புதுப்பிக்கப்பட்ட அந்தப் பாடத்திட்டத்தில் மனநலத்துக்கும் இடம் தரப்பட்டது. வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்குத் தமிழில் கோபம், சோகம், மகிழ்ச்சி தவிர வேறு சொல் கைவசம் இருக்காது. ஏமாற்றம், எரிச்சல், கூச்சம், ஏக்கம் எல்லாம் அந்த வகுப்பில் வந்து சேரவேண்டியவை.

முதலாம் வகுப்பில் சேரும்போதே நடத்தையிலும் பழக்கத்திலும் தடுமாறும் பிள்ளைகளுக்கென 'டிரான்சிட்' என்ற திட்டத்தைக் கல்வி அமைச்சு 2026-க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் கொண்டுவருவதாக அறிவித்தது. சிறப்புத் தேவை அதிகாரிகள் அவர்களுக்கு வரிசையில் நிற்பதிலிருந்து உணர்ச்சியைக் கையாள்வது வரை முதலாண்டு முழுவதும் பழக்குகிறார்கள்.

தேவை இல்லாமல் இல்லை. மாணவர்களிடம் நடத்தப்படும் பன்னாட்டு பீசா ஆய்வில், 2015-ஆம் ஆண்டு, நன்றாகத் தயாராகியிருந்தாலும் தேர்வென்றால் மிகவும் பதற்றமாக இருக்கிறது என்று சொன்ன சிங்கப்பூர் மாணவர்கள் 76 விழுக்காடு. ஓஇசிடி நாடுகளின் சராசரி 55தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று, 10 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு, பதற்றம், தனிமை போன்ற அறிகுறிகள் இருப்பதை 2023-இல் வெளியிட்டது. 'சின்னப் பிள்ளைக்கு என்ன டென்ஷன்?' என்று கேட்கும் தாத்தா பாட்டிகளுக்கு இந்த எண்களைக் காட்டலாம்.

ஆனால் கற்றுக்கொடுத்தால் போதுமா? பிரிட்டனில் 'மிரியட்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. 11 முதல் 14 வயதுக்குட்பட்ட 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு வகுப்பறையில் மனவிழிப்புப் பயிற்சி தரப்பட்டது. 2022-இல் முடிவு வந்தபோது, வழக்கமான பாடம் படித்தவர்களைவிட இவர்கள் மனநலத்தில் மேம்பட்டிருக்கவில்லை. பெரும்பாலோர் வீட்டில் பயிற்சியைத் தொடவே இல்லை. பலன் கொஞ்சம் தெரிந்தது ஆசிரியர்களிடம்தான். அவர்களுடைய களைப்பு குறைந்திருந்தது. எனக்கு இந்த முடிவில் வியப்பில்லை. ஆசிரியர் பதறாமல் இருந்தால் வகுப்பும் பதறாது. பாடவேளையில் பத்து வாரம் நடத்திவிட்டு மூடிவைக்கும் திட்டமாக இதைப் பார்த்தால் எதுவும் ஒட்டாது. இடைவேளை முடிந்த முதல் சில நிமிடங்களில் நாள்தோறும் செய்தால்தான் கைக்கு வரும்.

அதிலும் மனம் அமைதியாக இருக்கும்போதே பழகவேண்டும். தீ பிடித்த பிறகு தீத்தடுப்பு ஒத்திகை நடத்துவதில்லையே. அழுது கொண்டிருக்கும் பிள்ளையிடம் "மூச்சை இழுத்து விடு!" என்று கத்துவது இன்னொரு மிரட்டலாகத்தான் போய்ச் சேரும். வகுப்பில் மெத்தையும் பொம்மையும் வைத்து ஒதுக்கும் 'அமைதி மூலை'க்கும் இதே கதி நேரலாம். சேட்டை செய்தால் அங்கே போ என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அது தண்டனை மூலையாகிவிடும்.

இன்னொரு பக்கம் சுமையையே குறைக்கும் வேலை. தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு மதிப்பெண் சேரும் தேர்வுகள் 2019 முதல் இல்லை. 2021-இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யின் பழைய டி-ஸ்கோர் போய் தரநிலை முறை வந்தது. அரையாண்டுத் தேர்வுகள் 2023-க்குள் எல்லா நிலைகளிலும் நீக்கப்பட்டன. பள்ளி இறக்கிவைத்த சுமையை வீடு தூக்கிக்கொண்டது. 2023-இல் சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்டது 180 கோடி வெள்ளி.

லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் உள்ள பீட்டி சாலைக்குப் பிற்பகலில் போனால் இந்தச் சுமை கண்ணுக்குத் தெரியும். 1991-இல் தொடங்கிய இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையமும் அங்கே அருகருகே இருக்கின்றன. தங்கள் பள்ளியில் தமிழ் இல்லாத உயர்நிலை மாணவர்கள் தமிழ் படிக்க இந்த நிலையத்துக்கு வருகிறார்கள். ஒரு முழுப் பள்ளி நாளை முடித்து, ரயிலோ பேருந்தோ பிடித்து வருபவர்கள். சிண்டாவின் 'ஸ்டெப்' துணைப்பாட வகுப்புகளுக்கு வருபவர்களும் இப்படித்தான். ஐவிரல் மூச்சு இவர்களுக்குக் காலையைவிட இந்த மாலை வகுப்பின் தொடக்கத்தில்தான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். அதற்கும் முன்னால் ஒரு வடையும் பத்து நிமிட ஓய்வும் கொடுத்தால் இன்னும் நல்லது.

மூச்சுப் பயிற்சிக்கு எட்டாத நிலையும் உண்டு. தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போனால், காலையில் பள்ளி என்றாலே வயிற்று வலி வந்தால், சாவதைப் பற்றிப் பேச்செடுத்தால், பள்ளியின் ஆலோசகரிடம் போகவேண்டும். எல்லாப் பள்ளிகளிலும் ஆலோசகர் இருக்கிறார். தேவைப்பட்டால் அவர் மனநலக் கழகத்தின் 'ரீச்' குழுவுக்கு அனுப்புவார். தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள் தாமே அழைத்துப் பேச, 1984 முதல் 'டிங்கிள் ஃபிரெண்ட்' தொலைபேசிச் சேவை இருக்கிறது. பெரியவர்களும் பதின்ம வயதினரும் எந்த நேரத்திலும் தேசிய மனநல உதவி எண்ணான 1771-ஐ அழைக்கலாம்.