பொறுக்குமுன் எழுதி வையுங்கள்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் என்று அம்பாறைக் கரையோரமாகத் தெற்கே போகப் போகச் சனம் குறைகிறது. அறுகம்பையின் உல்லாசப் பயணிகள் கூட்டத்தை விட்டுவிட்டால், திருக்கோவிலிலிருந்து பாணமை வரை பெரும்பாலும் வெறும் மணலும் அலையும்தான். ஊரியும் சிப்பியும் சோகியும் பொறுக்க இதைவிடத் தோதான கரை கிடைப்பது கஷ்டம். பொறுக்குவது பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. கரையில் கிடப்பது எடுப்பவனுக்குச் சொந்தம் என்பது ஒன்று. ஒரு ஓட்டைக்கூடத் தொடக்கூடாது என்பது மற்றது. இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. சிப்பியின் பெறுமதியில் பாதி, அது எந்த இடத்தில் எந்த நாளில் கிடந்தது என்பதில் இருக்கிறது. அதைக் குறித்துக்கொள்ளாமல் எடுத்துப் போவதுதான் இந்தக் கரைக்குப் பெரிய நட்டம்.

புதைபடிவம் தேடி வருகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அரியலூர்ப் பக்கம் நிலத்தைக் கிளறினால் கிரெத்தேசியக் காலத்து அம்மோனைட்டுகள் வரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் மயோசீன் காலத்துச் சிப்பிகள் இருக்கின்றன. அம்பாறையின் அடிநிலமோ விஜயன் தொகுதி எனப்படும் உருமாறிய பாறை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்துபோன அந்தக் கல்லுக்குள் உயிர்ச்சுவடு எதுவும் தப்பியிருக்க வழியில்லை. அறியப்பட்ட மயோசீன் படிவமொன்று தெற்கே மினிஹாகல்கந்தையில் உண்டு. 1920களிலேயே அறிவியல் ஏடுகளில் பதிவான அந்த இடம் யால தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அங்கே கல்லைக்கூட எடுக்க முடியாது. ஆகவே இந்தக் கரையில் தேட வேண்டியது கோடி ஆண்டுப் பழமையை அல்ல, அண்மைய சில ஆயிரம் ஆண்டுகளின் வரலாற்றை.

அந்த வரலாறு கண்ணுக்குத் தெரியும்படியே கிடக்கிறது. ஒரு மட்டி ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் வெளிப்புறம் அகன்று உள்ளே ஒடுங்கும் வட்டத் துளை இருக்கும். கோர்க்க வசதியாக இருக்கிறதென்று பிள்ளைகள் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். மணலுக்குள் ஊர்ந்து வேட்டையாடும் ஒருவகைக் கடல்நத்தை, அமிலத்தால் ஓட்டை இளக்கி, பல்வரிசை கொண்ட நாக்கால் குடைந்து, உள்ளிருந்த சதையைத் தின்ற தடயம் அது. அப்படித் துளைபட்டவை நூற்றுக்கு எத்தனை என்று எண்ணினால் கரைக்கடலில் யார் யாரை உண்கிறார்கள் என்ற கணக்கு கிடைக்கும். திறந்த கடற்கரையில் சேற்றுக் கறை படிந்த களப்புச் சிப்பிகள் ஒதுங்கினால் அதற்கும் காரணம் தேட வேண்டும். முன்பு களப்பாக இருந்த நிலத்தை அலை அரித்துத் தோண்டுகிறது என்பது ஒரு காரணமாகலாம். அம்பாந்தோட்டையின் கரகன் லேவாயவில் சேற்றுக்கு இடையே படிந்த கடல்மணல் அடுக்குகளை வைத்துத்தான் 2004க்கு முந்திய பல ஆயிரம் ஆண்டு ஆழிப்பேரலைகளை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மணல் கிடந்த இடம்தான் அங்கே சாட்சி சொன்னது.

ஒரு கைப்பிடி சிப்பி போனால் கடல் வற்றிவிடுமா என்று கேட்கலாம். ஸ்பெயினின் கத்தலோனியக் கரையொன்றில் 1978–81இல் மாதாமாதம் எண்ணப்பட்ட சிப்பிகளை 2008–10இல் அதே இடத்தில் மறுபடியும் எண்ணிப் பார்த்தார்கள். இடைக்காலத்தில் சுற்றுலாப் பயணிகள் ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தனர். சிப்பிகளோ 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தன. பொறுக்கியவர்களோடு, கரையைத் துப்புரவாக்கும் இயந்திரங்களும் சந்தேகத்துக்குள்ளாகின. காலி ஓடுகள் துறவி நண்டுகளுக்கு வீடு. நொறுங்கினால் கரைக்கு மணல். எனவே குறைவு சின்ன விஷயமல்ல. அதைவிட முக்கியமானது, முதல் கணக்கை ஒருவர் எழுதி வைத்திராவிட்டால் அந்தக் குறைவு யாருக்கும் தெரிந்தே இருக்காது என்பது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. டென்மார்க் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தது. துறைமுக வாய் மணலால் தூர்ந்தது. வடக்கே கடற்கரைக் காணிகளும் தென்னைகளும் கடலுக்குள் போயின. இத்தனை நடந்த ஊரில் பிள்ளையின் கையிலுள்ள சோகிக்குக் கணக்குக் கேட்பது நியாயமா? நியாயமில்லைதான், அந்தப் பழியில் பொறுக்குகிறவர்களுக்குப் பங்கில்லை. ஆனால் பதிவு ஏன் வேண்டும் என்பதற்கு ஒலுவிலே நல்ல சான்று. கரைக்கோடு எவ்வளவு பின்வாங்கியது என்பதைச் செய்மதிப் படம் காட்டும். மணலுக்குள் வாழ்ந்த மட்டி என்ன ஆனது என்பதை அது காட்டாது. அதைக் கரையில் நடப்பவர்தான் எழுத வேண்டும்.

எடுக்காவிட்டாலும் அலை அரைத்துவிடுமே என்ற வாதத்திலும் உண்மை உண்டு. இங்கிலாந்தின் டோர்செற் கரையில், உதிர்ந்து கிடக்கும் புதைபடிவங்களை எடுக்க அனுமதிப்பது அந்தக் காரணத்தால்தான். ஆனால் முக்கியமானவற்றைப் பதிவு செய்யும்படி அங்குள்ள நெறிமுறை கேட்கிறது. நாமும் அப்படிச் செய்யலாம். பத்து மீற்றர் நீளக் கரையைத் தேர்ந்து, வாடைக்காற்றுக் காலத்துக்கு முன்னும் பின்னும் இனவாரியாக எண்ணலாம். அளவுக்கு ஒரு நாணயத்தை அருகில் வைத்துப் படமெடுத்து, திகதியையும் அலைக்கோட்டிலிருந்து தூரத்தையும் குறிக்கலாம். உயிருள்ளதும் நண்டு குடியிருப்பதும் திரும்பக் கடலுக்கே போக வேண்டும். முருகைக்கல் உடைப்பதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே தடுத்திருக்கிறது. பிறகு ஒன்றிரண்டு ஓடுகள் வீட்டு அலுமாரிக்குப் போனால் குற்றமில்லை.

பெருநாள் பின்னேரத்தில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறவர் கையில் கொப்பியும் பேனையுமா என்று சிலர் சிரிக்கலாம். துளையிட்டது யார் என்று தெரிந்த பிள்ளைக்கு ஆர்வம் கூடுமே தவிரக் குறையாது. எல்லோரும் எண்ண வேண்டும் என்பதுமில்லை. கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றும் ஒரு துண்டுக் கரையைப் பொறுப்பெடுத்து, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறைப் பிரயோக விஞ்ஞான பீடம் அந்தக் கணக்குகளைச் சேர்த்து வைத்தாலே போதும். நாளை இன்னொரு கல்லணைத் திட்டத்தோடு அதிகாரிகள் வரும்போது, கச்சேரிக் கூட்டத்தில் ஊரவர்கள் முறைப்பாட்டோடு பத்து வருடக் கணக்கையும் மேசையில் வைக்கலாம்.